நான்கு கட்டைகளில் ஒரு பெயர்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று என்னால் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. விழுப்புரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வலது கையில் இரண்டு விரல்களின் மூட்டு வீங்கியிருந்தது. மடக்கினால் மடங்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுத வைத்தேன். பத்து மணிக்கு மேல் கை தானாகச் சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் அப்படியே.

ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான் தோசைக் கரண்டியை இடது கையில் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு என் கணவர்தான் கேட்டார். அவர் ரயில்வேயில், சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவர். எந்தப் பழுதையும் அது சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த வாரமே புதுச்சேரிக்கு அழைத்துப் போனார்.

முடக்குவாதத்தின் ஆரம்பம் என்றார் டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார்.

"மாத்திரைய விடாம சாப்பிட்டீங்கன்னா நல்லாவே கட்டுக்குள்ள வச்சுக்கலாம்மா. நெறைய பேர் நல்லா இருக்காங்க. ஆனா கை இன்னிக்கு இருக்கிற மாதிரியே எப்பவும் இருக்கும்னு நான் எழுதிக் குடுக்க முடியாது."

"பியானோ வாசிக்கலாமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாசிப்பீங்களா? தாராளமா வாசிங்க. விரலுக்கு நல்லதுதான். வீங்கியிருக்கிற அன்னிக்கு மட்டும் விட்டுடுங்க."

திரும்பி வரும் பேருந்து வளவனூரில் நின்றது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் முடிவு செய்தேன். கை இப்படி இருக்கும்போதே, எனக்குப் பிடித்தவற்றை ஒருமுறை ஒழுங்காக வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும். கணவரிடம் சொன்னேன். "செய்யேன்" என்றார். பிறகு, "எங்க வச்சு?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி.

என் வீட்டில் இருப்பது மின்சாரக் கீபோர்டு. அதில் பயிற்சி செய்யலாம். ஆனால் நான் நினைத்தது பியானோவை. உண்மையான பியானோ எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. திண்டிவனத்தில் நான் படித்த பள்ளியின் கூட்ட அரங்கில், மேடைக்குக் கீழே, சுவரை ஒட்டி நிற்கும். என் அம்மா அந்தப் பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தார். அம்மா வேலை முடித்து வரும்வரை எனக்குப் போக்கிடம் அந்த அரங்கம்தான். முதலில் ஒற்றை விரலால் தட்டினேன். பாடல் குழுவுக்கு வாசிக்க வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காட்டினார்கள். மிச்சத்தைப் புத்தகத்தைப் பார்த்து நானே பிடித்துக்கொண்டேன். கணக்குப் போலத்தான் அதுவும். குறியீடு புரிந்துவிட்டால் வழி கிடைத்துவிடும்.

நான் பதிவு செய்ய நினைத்தவை இரண்டு வகை. ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஓர் இசையமைப்பாளர் எழுதிய ஆறு சிறிய இசைத் துண்டுகள் முதலில். அவர் இசையில் சிரிப்பு உண்டு. நாம் எதிர்பார்க்கும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, நம் முகத்தைப் பார்ப்பார். அவர் இறந்து வெகுகாலம் கழித்து, வேறு நாட்டில் பிறந்த சிலர் அவர் நினைவாகச் சில துண்டுகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் மூன்று. ஆக மொத்தம் ஒன்பது.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை மே மாத விடுமுறையில் அரங்கத்தைப் பயன்படுத்த அனுமதி தந்தார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து பியானோவைச் சுருதி சேர்த்தார். ஒரு கட்டை மட்டும் தட்டும்போதெல்லாம் ரீங்கரித்தது. முன்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு கொண்டை ஊசியும் பாதி சாக்பீஸும் கிடந்தன. எத்தனை ஆண்டுகளாகக் கிடந்தனவோ!

பதிவு செய்ய ஆள் வேண்டும். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். சில ஆண்டுகளாகத் தெருக்கூத்துகளை நல்ல மைக் வைத்துப் பதிவு செய்து யூடியூபில் போட்டு வந்தார். அந்தப் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். முகவீணை ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும். கடைக்குப் போனேன். வாசலில் கறுப்பு வயர்கள் ஒன்றோடொன்று சிக்கிக் குவியலாகக் கிடந்தன. அவர் நடுவில் உட்கார்ந்து ஒரு முனையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ரெக்கார்டிங்கா? கூத்து பண்ணியிருக்கேன், ஜெபக்கூட்டம் பண்ணியிருக்கேன். பியானோ பண்ணதில்ல. இன்னா டீச்சர், சினிமா பாட்டா?"

"இல்லண்ணா. வெளிநாட்டுக்காரர் எழுதினது. பாட்டு கிடையாது. வெறும் வாசிப்பு."

"கூட யாரு? தபேலா கிபேலா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"ஒண்டியாவா?" என்று வயரைக் கீழே வைத்தார். "செரி, மொதல்ல வந்து கேட்டுப் பாக்கறேன். கேக்காம மைக்க எங்க வைக்கிறது?"

மறுநாள் வந்தார். நான் வாசிக்க வாசிக்க அரங்கத்தைச் சுற்றி நடந்தார். ஜன்னலோரம் நின்றார். மேடை மேல் ஏறி நின்றார். பிறகு பியானோவைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்தச் சொல்லிவிட்டு, அந்த இடுக்கில் குந்தி உட்கார்ந்துகொண்டார். நான் வாசித்து முடித்த பிறகும் வெளியே வரவில்லை.

"முன்னாடி நின்னா நீங்க கட்டை தட்டற சத்தந்தான் கேக்குது. இங்க பின்னாடிதான் உசுரு இருக்குது. ஒரு மைக்கு இங்க, ஒண்ணு அந்தாண்ட. போதும்."

மே மாதத்தில் திண்டிவனத்தில் மின்விசிறி இல்லாமல் ஓர் அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் எதை ஏற்றுக்கொண்டோம் என்று. விசிறி ஓடினால் அதன் சத்தம் பதிவாகும். ஜன்னலையும் சாத்த வேண்டும். காலையில் என் விரல் மடங்காது. பத்து மணிக்கு மேலும் மாலையிலும் கடைத்தெரு சத்தம். மிச்சமிருந்தது மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை, ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்தேன். ஈரத்துணி ஒன்றைப் பியானோவின் மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொள்வேன்.

ரயில்தான் பெரிய தொல்லை. எந்த வண்டி எத்தனை மணிக்குத் திண்டிவனத்தைத் தாண்டும் என்று என் கணவர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். சரக்கு வண்டிகளுக்கு நேரம் கிடையாது. அவற்றுக்காகப் போன் செய்வார். "ஒரு கூட்ஸ் போய்க்கினு இருக்குது. அரை மணி நேரத்துல அங்க வந்துடும். சின்னதா இருந்தா வாசிச்சு முடிச்சுடு."

முதல் நாள் முதல் துண்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது தெருவில் ஒரு ஆட்டோ வந்தது. பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், உடைந்த குடம், தண்ணி மோட்டார் என்று ஒலிபெருக்கியில் குரல். மைக் செட் அண்ணன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். குரல் நின்றது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அது நான் பேசிக் குடுத்த கேசட்டுதான் டீச்சர். என் குரலே வந்து என்ன பேஜாரு பண்ணுது."

சிரித்துச் சிரித்து அதன் பிறகு அரை மணி நேரம் என்னால் வாசிக்க முடியவில்லை.

மூன்று நாட்களில் ஆறு துண்டுகளும் முடிந்தன. வேகமான ஒன்று மட்டும் பதினோராவது முறைதான் வந்தது. மோதிர விரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பின்தங்கியது. விட்டுவிடலாம் என்று எழுந்தேன். "இன்னொரு வாட்டி போங்க டீச்சர், கூட்ஸ் இன்னும் வரலியே" என்றார் அவர். உட்கார்ந்தேன். விரல் எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

நான்காம் நாள் அஞ்சலித் துண்டுகளைத் தொடங்கினேன். முதலாவதை வாசித்து முடித்ததும் அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"இது வேற ஆளு எழுதினதா? கை வேற மாதிரி இருக்குதே."

அவருக்கு அது கேட்டிருந்தது. எனக்கு வியப்பாக இருந்தது. "ஆமாண்ணா. அவர் செத்து ரொம்ப காலம் கழிச்சுப் பொறந்தவர் இவர். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதே இல்ல. அவர் மேல இருந்த மரியாதையில எழுதினது."

"அஞ்சலி."

"அஞ்சலிதான்."

"நான் போற எடமெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுதான். செத்தவரு போட்டோ பெருசா, பேரு அதவிடப் பெருசா. கீழ போட்டவங்க மூஞ்சியெல்லாம் வரிசையா. இதுல பேரு எங்க?"

"இருக்கு" என்றேன். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தத் துண்டில் பெயர் உண்மையாகவே இருந்தது. அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழு வெள்ளைக் கட்டைகள். அவற்றுக்குக் கீழே ஆங்கில எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும். ஏழு முடிந்ததும் அடுத்த எழுத்து மறுபடி முதல் கட்டைக்கு வரும். இப்போது யார் பெயரையும் கட்டைகளில் படிக்கலாம். இறந்தவரின் பெயரை அப்படிப் படித்தால் ஐந்து ஸ்வரம் கிடைக்கிறது. அந்த ஐந்தை வைத்துத்தான் முழுத் துண்டும் கட்டப்பட்டிருக்கிறது. ஐந்தையும் தனியாக வாசித்துக் காட்டினேன். பிறகு அது எங்கெல்லாம் வருகிறது என்று காட்டினேன்.

"அட" என்றார். அன்று மீதி இரண்டில் ஒன்று முடிந்தது.

மறுநாள் வந்தவர் மைக்கை மாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதைத் திருப்பி வைத்தார். பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பெயர். ஒரு பெண்ணின் பெயர்.

"தமிழ்ப் பேருக்கும் வருமா டீச்சர்? சும்மா பாக்கத்தான்."

"யாரு இது?"

"வூட்டுல."

அவர் மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தமிழுக்கு எப்படிச் செய்வது என்று யோசித்தேன். பதினெட்டு மெய்யெழுத்துகளையும் ஏழு கட்டைகளின் கீழே மூன்று வரிசையாக எழுதினேன். அவர் மனைவியின் பெயரில் நான்கு மெய்கள். நான்கு ஸ்வரம். மேலே ஒரு கட்டையில் தொடங்கி, இறங்கி, இன்னும் இறங்கி, சட்டென்று தொடங்கிய கட்டைக்கே ஏறிவிடுகிறது. வாசித்தேன்.

"இன்னொரு வாட்டி."

வாசித்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். "கடைசியில ஏறுது பாருங்க. பேச்சும் அப்புடித்தான். மெதுவாப் பேசிக்கினே வந்து, முடிக்கிற எடத்துல ஒரு ஏத்தம்."

அன்று பதிவு எதுவும் நடக்கவில்லை. அவர் பேசினார், நான் கேட்டேன். கடையை நடத்தியதே மனைவிதானாம். எந்த ஊருக்கு எந்தப் பெட்டி போனது, எது திரும்பவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாவின் தலையில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் நூறு அடி வயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் எட்டுப் போட்டுச் சுற்றுவார். ஒரு சிக்கு விழாது. "மைக் செட்டுக்காரன் பொண்டாட்டி, ஆனா அவளுக்குச் சத்தமே ஆவாது டீச்சர். எனக்குப் பின்னாலயே உக்காந்துக்கினு, நான் ஏத்தினா அவ கொறைப்பா. கேட்டா, பக்கத்து வூட்டுல கொழந்த தூங்குதும்பா. அந்தக் கொழந்தைக்கே இப்ப கல்யாணம் ஆயிடுச்சி."

கிளம்பும்போது, பெட்டியைப் பூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அந்த நாலு கட்டைய வச்சி ஒண்ணு போட முடியுமா? பெருசா இல்ல. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம்."

நான் அதுவரை சொந்தமாக ஒரு வரிகூட எழுதியதில்லை. "பாக்கறேண்ணா" என்றேன்.

அன்று ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் எனக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. பெரிய மேதைகள் எழுதிய அஞ்சலிகளின் பக்கத்தில் ஒரு கணக்கு டீச்சர் எழுதியதை எப்படி வைப்பது? வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் குழம்பைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்த மேதைங்க யாராவது அந்தம்மாவுக்கு எழுதியிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப உன்னத் தவிர யாரு எழுதுவா?"

எழுத உட்கார்ந்தேன். அந்த வாரம் பார்த்து விரல்கள் கடுமையாக வீங்கின. டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரையின் அளவை மாற்றினார். கீபோர்டைத் தொட முடியாத நாட்களில் தாளில் எழுதினேன். மெதுவாகத்தான் வாசிக்க முடியும் என்பதால் மெதுவாகவே எழுதினேன். அகலமாக விரியும் இடங்களைத் தவிர்த்தேன். அந்த நான்கு ஸ்வரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கடைசியாக அது போய் நிற்கிற கட்டை, முடிவாகக் கேட்காத கட்டை. அங்கே நிறுத்தினால் காது அடுத்த படிக்குக் காத்துக்கொண்டே இருக்கும். நான்கு நாட்கள் அதோடு மல்லுக்கட்டினேன். வலது கையில் பெயர் மேலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, இடது கையில் அடியில் ஒரு ஸ்வரத்தை மெல்ல வைத்துப் பார்த்தேன். மேலே இருப்பது தொங்கவில்லை, தாங்கப்பட்டது. அது போதும் என்று தோன்றியது.

பத்து நாள் கழித்துப் போனேன். மீதமிருந்த அஞ்சலித் துண்டை முதலில் முடித்தோம். பிறகு நான் எழுதியதை எடுத்து வைத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மைக்கைப் பியானோவுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தி, இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே முறைதான் வாசித்தேன். நடுவில் கூரையில் ஒரு புறா நடந்தது. அது பதிவில் இருக்கிறது.

முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். நான் அவரைப் பார்க்காமல் தாள்களை அடுக்கினேன்.

"நல்லாயிருக்குது டீச்சர்" என்றார். எழுந்து போய் எல்லா ஜன்னல்களையும் திறந்து விட்டார்.

பத்துத் துண்டுகளும் ஜூன் மாதம் இணையத்தில் ஏறின. என் பழைய மாணவிகள் சிலர் கேட்டார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போயிருந்த ஒருத்தி, வேலைக்குப் போகும் வழியில் தினமும் கேட்பதாகக் குரல் செய்தி அனுப்பினாள். என் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருநாள் மதியம் போட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் தூங்கிவிட்டார். அவ்வளவுதான். அதற்கே நான் மகிழ்ந்துபோனேன்.

ஆகஸ்டில் மைக் செட் அண்ணன் போன் செய்தார். மனைவியின் நினைவு நாளுக்குப் படையல் போடுகிறார்களாம். பிரம்மதேசம் பக்கத்தில் மனைவியின் சொந்த ஊரில். "நீங்களும் சாரும் கண்டிப்பா வரணும்."

போனோம். மல்லாட்டை பிடுங்கும் சமயம். வழியெல்லாம் கடலைச் செடிகளைக் குவித்து வைத்து, பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டின் முன்னால் பந்தல். பந்தலில் இரண்டே இரண்டு சின்னப் பெட்டிகள் வைத்திருந்தார். மைக் செட்டுக்காரர் வீட்டு விசேஷத்தில் இவ்வளவு குறைவாக ஸ்பீக்கர் இருக்கிறதே என்று உறவினர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

படையல் போட்டுக் கற்பூரம் காட்டி முடிந்ததும் அவர் அந்தத் துண்டைப் போட்டார். கூட்டத்தில் யாருக்கும் பியானோவைப் பற்றித் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னா மாமா இது, டொய்ங் டொய்ங்குனு? சாமி பாட்டு எதுனா போடேன்" என்றார் ஒரு பெண்மணி. இறந்தவரின் தங்கை. அந்த ஊரிலேயே நிலம் வைத்துப் பயிர் செய்பவர். கையில் இன்னும் செம்மண் இருந்தது.

"உங்க அக்கா பேருதான் அது" என்றார் அவர்.

"எது?"

அவர் முதலிலிருந்து போட்டார். பெயர் வரும்போது கையை உயர்த்திக் காட்டினார். மேலே, கீழே, இன்னும் கீழே, மறுபடி மேலே. இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மாவே தலையாட்டினார். மூன்றாம் முறை வந்தபோது வாயசைத்து அக்காவின் பெயரைச் சொன்னார். நான்கு ஸ்வரத்துக்கும் பெயர் சரியாகப் பொருந்தியது.

"இன்னொரு வாட்டி போடு மாமா."

அடுத்த முறை எல்லோரும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பெயர் மொத்தம் எத்தனை முறை வருகிறது? பத்து என்றார் ஒருவர். பதினொன்று என்று பெண்கள் பக்கமிருந்து குரல். என்னைப் பார்த்தார்கள். "பதினொண்ணுதான்" என்றேன். எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா?

"பன்னெண்டு" என்றார் தங்கை.

"இல்லம்மா, பதினொண்ணுதான் வச்சேன்."

"நீ வச்சது பதினொண்ணா இருக்கலாம் டீச்சர். வர்றது பன்னெண்டு. நடுவுல ஒருவாட்டி கீழ வருது. ரொம்ப மெதுவா. தடிச்ச குரல்ல. எங்கக்கா சளி புடிச்சிக்கினு பேசினா அப்புடித்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி போடச் சொன்னேன். நடுப்பகுதியில் என் வலது கை வேறெதையோ வாசித்துக்கொண்டிருந்தது. அடியில் இடது கை, ஒவ்வொன்றாக, நீண்ட ஸ்வரங்களை வைத்துக்கொண்டு போனது. மேலே. கீழே. இன்னும் கீழே. மறுபடி மேலே. துணைக்கு ஒத்துப்போகட்டும் என்று நான் எழுதிய வரி அது. நான் வைக்காமலே அந்தப் பெயர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

நம்ப முடியாமல் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே நேரத்தில் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னேன் இல்ல?" மைக் செட் அண்ணன் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வடை கேட்டு வாங்கி என் இலையில் வைத்தார். என் விரல்களைப் பார்த்து என்ன வீக்கம் என்று விசாரித்தார். சொன்னேன். மருந்து வேலை செய்கிறது, காலையில் இப்போதெல்லாம் அரை மணி நேரம்தான் மடங்காமல் இருக்கிறது என்றும் சொன்னேன். அது உண்மை. போன வாரம் டாக்டர்கூட ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டியிருந்தார்.

"அப்ப இன்னும் வாசிப்ப."

"வாசிப்பேன்."

"செரி, எனக்கு ஒண்ணு போடு டீச்சர்."

"உங்களுக்கா?"

"ஏன், செத்தாதான் போடுவியா? நான் இருக்கும்போதே போடு. நான் கேக்க வாணாமா? எனக்கு வயல்ல வேல செய்யும்போது கேக்க வேணும்."

மோர் ஊற்ற வந்தவர்கூட நின்று சிரித்தார். எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். அவர் எழுத்துக் கூட்டிச் சொன்னார், டீச்சர் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்திலிருந்து வந்ததும் கீபோர்டைத் திறந்தேன். அந்தத் தங்கையின் பெயரில் ஐந்து மெய்கள். முதல் இரண்டும் ஒரே கட்டையில் விழுகின்றன. யாரோ உரிமையோடு கதவைத் தட்டுவதுபோலத் தொடங்குகிறது. அதன் பிறகு வேகமாகப் போக வேண்டும் என்று தோன்றியது. மோதிர விரலை வைத்துப் பார்த்தேன். போனது.